இடப்பக்கம் இழுக்கும் வண்டியும் வலப்பக்கம் திரும்பும் குமிழும்

ரேடியோ அலையால் இயங்கும் மாதிரிக் கார் ஒன்று நேராக ஓடாமல் இடப்பக்கம் இழுக்கிறது என்றால், அதை ஓட்டுபவர் பெரும்பாலும் செய்வது ஒன்றே: கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் டிரிம் குமிழை வலப்பக்கமாக இரண்டு மூன்று சொடுக்கு நகர்த்துவது. வண்டி நேராகிவிடுகிறது. பிழை நீங்கிவிட்டதாக அவர் கருதுகிறார். பிழை நீங்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்க, அதற்கு நேர் எதிரான இன்னொரு பிழை அதன்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. இதைப் பொழுதுபோக்காளரின் சோம்பல் என்று தள்ளிவிட இயலாது. பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும், அளவீட்டை நம்பி நிற்கும் முனைவர் பட்ட ஆய்வுகளிலும் அன்றாடம் நிகழ்வது இதே செயல்தான். அங்கே குமிழ் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

ஹைதராபாத்தின் வடகிழக்கிலுள்ள மல்காஜ்கிரியை இந்தப் பேச்சுக்கு இடமாகக் கொள்வது பொருத்தமானது. நாட்டிலேயே மிகுதியான வாக்காளர்களைக் கொண்ட மக்களவைத் தொகுதி என்ற அளவில்தான் அப்பெயர் வெளியே தெரியும். உள்ளே சென்றால் அது பழுதுபார்க்கும் கைகளின் ஊர். ஒருபுறம் நிஜாம் காலத்திலிருந்து இயங்கும் லாலாகுடா ரயில்வே பணிமனை. இன்னொருபுறம் மௌலாலி லோகோ ஷெட். வடகிழக்கே சில கிலோமீட்டர் சென்றால், 1967இல் தொடங்கப்பட்டு ஏ.எஸ். ராவ் தலைமையில் வளர்ந்த இந்திய மின்னணுக் கழகம், அதாவது ஊர்மக்கள் பேச்சில் ‘ஈசிஐஎல்’. உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட டிடிசி-12 கணினி அங்கே உருவானது. வாக்குப்பதிவு இயந்திரங்களும் அங்கே உருவாகின்றன. சந்திரயான்-1 விண்கலத்தோடு பேசுவதற்காகப் பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் நிறுவப்பட்ட 32 மீட்டர் விட்டமுள்ள ஆண்டெனாவும் அந்நிறுவனத்தின் ஆக்கமே. செகந்தராபாத் படைமுகாம் காலந்தொட்டு இப்பக்கத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. ரயில்வே வேலைக்காக வந்தவர்களும் அவர்களுள் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடைவீதியில் தக்கணி உருது, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் அக்குடும்பங்களின் பிள்ளைகள்.

அப்படி ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா, ஏழாம் வகுப்புப் பேத்தி, பிறந்தநாளுக்கு வந்த 1/10 அளவுக் கார். “தாத்தா, வண்டி இடதுபக்கமாவே போகுது” என்கிறாள் பேத்தி. “ரிமோட்டைத் தொடாதே கண்ணு. அதே தெருவுல அந்தப் பக்கத்திலேருந்து இந்தப் பக்கம் ஓட்டிட்டு வா, பாக்கலாம்” என்கிறார் தாத்தா. திரும்பி வரும்போது வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. தாத்தாவுக்கு அப்போதே விடை தெரிந்துவிடும். பேத்திக்குத் தெரிய இன்னும் சற்று நேரம் ஆகும்.

தெருவின் நடுப்பகுதி உயர்ந்து, மழைநீர் வடிவதற்காக ஓரங்கள் சரிந்திருக்கும். போகும்போது இடப்பக்கமாக இருந்த சரிவு, அதே ஓரமாகத் திரும்பி வரும்போது வண்டிக்கு வலப்பக்கமாகிவிடுகிறது. இரு திசையிலும் வண்டி தன் இடப்பக்கமே இழுத்தால் பிழை வண்டியுடையது. திசைக்கேற்ப இழுப்பும் மாறினால் பிழை தெருவுடையது. ஒரே வண்டி, ஒரே தெரு, மாற்றப்பட்டது திசை ஒன்றுதான். கட்டுப்பாட்டுச் சோதனை என்று ஆய்வுமுறையியல் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவது இதுவே. டிரிம் குமிழை முதலில் தொட்டுவிட்டவர் இந்தச் சோதனையை இழந்துவிடுகிறார். தெருவின் சரிவை வண்டிக்குள் எழுதிவிடுகிறார். மறுநாள் சமதளமான பள்ளி மைதானத்தில் அதே வண்டி காரணமின்றி வலப்பக்கம் ஓடும். அவர் குமிழை மீண்டும் திருகுவார்.

குமிழ் உண்மையில் என்ன செய்கிறது? ரிசீவரிலிருந்து சர்வோ மோட்டாருக்குச் செல்வது மின்துடிப்புகளின் வரிசை. வழக்கமான அமைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 துடிப்புகள். ஒவ்வொன்றின் நீளமும் 1,000 முதல் 2,000 மைக்ரோ நொடிக்குள் அமையும். 1,500 என்றால் நடுநிலை. நீளம் கூடினால் ஒரு பக்கம், குறைந்தால் மறுபக்கம். பொதுவான சர்வோவில் 500 மைக்ரோ நொடி மாற்றம் ஏறத்தாழ 45 பாகை திருப்பம் தரும். ஃபுடாபா நிறுவனத்தின் நடுநிலை 1,520. ஆகவே ஒரு நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டரோடு வேறொன்றின் சர்வோவை இணைத்தால் யாரும் எதையும் தவறாகச் செய்யாமலேயே இரண்டு பாகை அளவு விலகல் வந்து சேரும். இது தெரிந்தவருக்கு அந்த 20 மைக்ரோ நொடி ஒரு தகவல். தெரியாதவருக்கு அது ‘ரிமோட் சரியில்லை’.

இதைவிட முக்கியமானது சர்வோவின் அச்சிலுள்ள பற்கள். சர்வோவின் கை அச்சில் பற்களின்மீதுதான் பொருந்துகிறது. நிறுவனத்தைப் பொறுத்து அவை 23, 24 அல்லது 25. இருபத்தைந்து பற்கள் என்றால் கையை 14.4 பாகைக்கு ஒருமுறைதான் மாற்றிப் பொருத்த முடியும். இடைப்பட்ட கோணங்கள் கிடையா. எனவே எவ்வளவு கவனமாகப் பொருத்தினாலும் கை செங்குத்திலிருந்து அதிகபட்சம் 7.2 பாகை விலகி நிற்கலாம். சப்-டிரிம் என்ற அமைப்பு இந்த இடைவெளியை நிரப்புவதற்கே உள்ளது. ஒரு திருத்தம் எப்போது நேர்மையானது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையைத் தத்துவ நூல்களிலும் காண்பது அரிது. திருத்தத்தின் காரணம் தெரிந்திருக்கிறது: பற்கள் முழு எண்ணாக இருப்பதால் வந்த இடைவெளி. அதன் உச்ச அளவும் தெரிந்திருக்கிறது: 7.2 பாகை. சப்-டிரிமில் பத்துப் பாகை தேவைப்படுகிறது என்றால், கை ஒரு பல் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கிறது. திருகைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வாகாது.

இந்த ஒழுங்கை மீறினால் என்ன ஆகும் என்பதையும் வண்டியே காட்டிவிடும். முன்சக்கரங்கள் ஒவ்வொரு பக்கமும் 30 பாகை வரைதான் திரும்ப இடமுண்டு என்று கொள்வோம். டிரிம் மூலம் நடுநிலையை வலப்பக்கமாக 5 பாகை நகர்த்தினால், பல டிரான்ஸ்மிட்டர்களில் மொத்த வீச்சும் அதோடு சேர்ந்து நகர்கிறது. இப்போது சர்வோ இடப்பக்கம் 25 பாகையில் நின்றுவிடும். வலப்பக்கம் 35 பாகைக்குப் போக முயலும். இடப்பக்க வளைவு அகன்று போகிறது. வலப்பக்க வளைவில் சக்கரம் தடையில் முட்டிநிற்க, சர்வோ உள்ளே முனகிக்கொண்டு சூடேறுகிறது. நேர்கோட்டில் மறைக்கப்பட்ட பிழை வளைவுகளில் இரட்டிப்பாக வெளிப்படுகிறது. ஓட்டுபவர் இப்போது எண்ட் பாயிண்ட் அமைப்பைத் திறந்து ஒரு பக்கத்தைக் குறைத்து, மறுபக்கத்தைக் கூட்டுகிறார். மூன்றாவது திருத்தம் இரண்டாவதன் விளைவைச் சரிசெய்கிறது. இரண்டாவது முதலாவதன் விளைவை. முதலாவதோ, வளைந்துபோன ஓர் இணைப்புக் கம்பியின் விளைவை. அந்தக் கம்பியை யாரும் இதுவரை பார்க்கவில்லை.

சில பிழைகள் டிரிமுக்கு அடங்கவே அடங்கா. சர்வோவைக் காப்பதற்காகத் திருப்பு அமைப்பில் ‘சர்வோ சேவர்’ என்ற ஸ்பிரிங் பொருத்தியிருப்பார்கள். அது தளர்ந்துவிட்டால், இடப்பக்கம் திரும்பி வந்த வண்டி சற்று இடப்பக்கமாகவே நிற்கும். வலப்பக்கம் திரும்பி வந்தால் சற்று வலப்பக்கமாக. அங்கே நடுநிலை ஒன்றல்ல, இரண்டு. எந்த ஒற்றை எண்ணாலும் இரண்டு மதிப்புகளைத் திருத்த முடியாது. முடுக்கும்போது மட்டும் இழுத்து, காலியாக உருளும்போது நேராகச் செல்லும் வண்டிக்கும் டிரிம் மருந்தாகாது. பிழை திருப்பு அமைப்பில் இல்லை. டிஃபரன்ஷியலிலோ, முறுகிய சட்டகத்திலோ, ஒருபக்கம் தேய்ந்த டயரிலோ இருக்கிறது. தாத்தா வண்டியைத் தலைகீழாகப் போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுழற்றிப் பார்ப்பது இதற்காகத்தான். நான்கு சக்கரங்களில் ஒன்று மற்றவற்றுக்கு முன்னரே நின்றுவிட்டால், அந்தப் பேரிங்கில் மண் புகுந்திருக்கிறது. மல்காஜ்கிரித் தெருக்களில் மண்ணுக்குக் குறைவில்லை.

டிரான்ஸ்மிட்டரிலுள்ள அமைப்புகளை ஒரே பட்டியலாகக் கற்பிப்பது தவறு. அவை வெவ்வேறு உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. சப்-டிரிமும் எண்ட் பாயிண்டும் வண்டிக்குரியவை. யார் ஓட்டினாலும் மாறக்கூடாதவை. டூயல் ரேட்டும் எக்ஸ்போவும் ஓட்டுபவருக்குரியவை. டிரிம் அந்த நாளுக்குரியது. அன்றைய டயருக்கும் அன்றைய தரைக்கும் உரியது, அடுத்த நாள் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டியது. குழப்பம் பெரும்பாலும் இந்த எல்லைகளை மீறுவதில்தான் பிறக்கிறது. வளைவில் வண்டி கவிழ்கிறது என்பதற்காக எண்ட் பாயிண்டைக் குறைப்பவர், தன் கையின் பதற்றத்தை வண்டியின் உடலில் எழுதிவிடுகிறார். அடுத்து ஓட்டுபவருக்கு அந்த வண்டி நிரந்தரமாக முடமாகிவிடுகிறது. டூயல் ரேட்டைக் குறைத்திருந்தால் ஒரு சுழற்சியில் அதை மீட்டிருக்கலாம்.

எக்ஸ்போ பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மாணவர்கள் கணிதத்தைக் கையால் உணரக்கூடிய அரிய இடம் அது. குமிழின் நிலைக்கும் சக்கரத்தின் நிலைக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லாமல் வளைகோடாகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு வடிவம், நேர்கோட்டின் ஒரு பங்கையும் முப்படியின் ஒரு பங்கையும் கூட்டுவது. எக்ஸ்போ 40 விழுக்காடு என்றால் நேர்கோட்டுக்கு 0.6, முப்படிக்கு 0.4. குமிழைப் பாதி திருப்பினால், 0.6 பெருக்கல் 0.5 என்பதோடு 0.4 பெருக்கல் 0.125 என்பதைக் கூட்ட வேண்டும், விடை 0.35. பாதித் திருப்பத்துக்குச் சக்கரம் 35 விழுக்காடே திரும்புகிறது. முழுத் திருப்பத்தில் இழப்பு ஒன்றுமில்லை. நடுவில் மென்மை, ஓரத்தில் வேகம். பன்னிரண்டாம் வகுப்பில் முப்படிச் சார்பின் வரைபடத்தைத் தேர்வுக்காக வரைந்து மறந்த மாணவருக்கு, அந்த வளைவு விரலில் ஏறும் அனுபவம் இது. ஆனால் இதிலும் ஒரு பொறி. ஃபுடாபா கருவிகளில் மென்மையாக்க எதிர்மறை எண் இட வேண்டும். ஸ்பெக்ட்ரம் கருவிகளில் அதே வேலைக்கு நேர்மறை எண். ‘எக்ஸ்போ 30 வைத்தேன்’ என்ற கூற்று, எந்தக் கருவியில் என்பதைச் சொல்லாதவரை, பொருளற்றது மட்டுமன்று, எதிர்ப்பொருள் தரக்கூடியது. அலகும் குறிமரபும் இன்றி எண்ணை மட்டும் அட்டவணையில் இடும் ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிட்டவர்களுக்கு இந்த நோய் புதிதல்ல.

அறிவியல் வரலாற்றில் இரண்டு நிகழ்வுகள் இங்கே நினைவுகூரத்தக்கவை. 2011 செப்டம்பரில், ஒளியைவிட வேகமாக நியூட்ரினோக்கள் வந்ததாகத் தோன்றும் முடிவை ஓபரா ஆய்வுக் குழு வெளியிட்டது. வேறுபாடு ஏறத்தாழ 60 நேனோ நொடி. விடை தவறாகத்தான் இருக்க வேண்டும் என்று உலகமே எண்ணியது. குழுவினரில் பலரும் அப்படியே எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் அந்த 60 நேனோ நொடியைக் கணினியில் கழித்துவிட்டு ‘எதிர்பார்த்த’ மதிப்பை அவர்கள் வெளியிடவில்லை. முரண்பாட்டை அப்படியே முன்வைத்துவிட்டுக் கருவியைத் தேடினார்கள். 2012இன் தொடக்கத்தில் தெரியவந்தது: சரியாக இறுக்கப்படாத ஓர் ஒளியிழை இணைப்பு. தாத்தாவின் மொழியில், வண்டியைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டாவது, ஹபிள் தொலைநோக்கி. 1990இல் விண்ணில் ஏறிய பின்னரே அதன் ஆடி விளிம்பில் 2.2 மைக்ரான் அளவு தட்டையாகிவிட்டது தெரிந்தது. ஆடியைக் கழற்றி வர வழியில்லை. ஆனால் பிழை எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டார்கள்: ஆடியைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம்மாறி இருந்தது. காரணமும் அளவும் துல்லியமாகத் தெரிந்ததால், 1993 டிசம்பரில் அதற்கு நேர் எதிரான வளைவுடைய திருத்த ஒளியியலைப் பொருத்த முடிந்தது. இது சப்-டிரிம். ஓபராவில் அவ்வாறு செய்திருந்தால் அது வெறும் டிரிம்.

ஆய்வுக்கூடத்துக்கு வரலாம். பொறியியல், இயற்பியல் துறைகளில் ரெக்கார்டு நோட்டு என்ற ஒன்று உண்டு. அதில் அளவீடு எப்போதும் கோட்டின்மேலேயே அமையும். முன் ஆண்டு மாணவரின் நோட்டிலிருந்து இந்த ஆண்டு மாணவரின் நோட்டுக்கு, விலகல்கள் மட்டும் உதிர்ந்துபோய், எண்கள் வந்துசேரும். வெர்னியர் அளவியின் பூச்சியப் பிழையைக் கழிக்கப் பள்ளியிலேயே கற்றுத்தருகிறோம் என்று ஆசிரியர் கூறலாம். உண்மைதான், அந்தக் கழித்தல் நேர்மையானது, ஏனெனில் பூச்சியப் பிழை என்ற தலைப்பில் அது தனியே எழுதப்படுகிறது. எழுதப்படாத கழித்தலே இங்கே குற்றம். மதிப்பெண் விடையின் அருகாமைக்குத் தரப்படும்வரை மாணவர் குமிழைத்தான் திருகுவார். அவரைக் குறைசொல்வதில் பயனில்லை. அவர் மதிப்பீட்டு முறைக்கு ஏற்பத் தன்னை டிரிம் செய்துகொள்கிறார்.

எனவே, மாதிரிக் காரை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது வேடிக்கையான கோரிக்கை அன்று. பந்தயமாக அல்ல. கல்லூரித் தொழில்நுட்ப விழாக்களில் ரோபோ பந்தயங்கள் நடக்கின்றன. அங்கே வெல்வது பெரும்பாலும் அதிக விலையுள்ள மோட்டார். கொண்டுவர வேண்டியது அமைப்பு முறை. ஒரே வண்டியை நான்கு மாணவர்களிடம் கொடுத்து, ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு பிழையை அதில் வைக்க வேண்டும்: ஓர் இணைப்புக் கம்பியை ஒரு சுற்று நீட்டலாம், கையை ஒரு பல் தள்ளிப் பொருத்தலாம், ஒரு பேரிங்கில் மணல் இடலாம். வண்டி நேராக ஓடியதா என்பதற்கு மதிப்பெண் இல்லை. பிழை எங்கே என்பதை எந்தச் சோதனைகளால், எந்த வரிசையில் கண்டடைந்தார்கள் என்பதற்கே மதிப்பெண். நேராக ஓடவைத்துவிட்டுக் காரணம் சொல்ல முடியாத மாணவர், ஓடவைக்க இயலாமல் காரணத்தைச் சொன்ன மாணவரைவிடக் குறைந்த மதிப்பெண் பெற வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது செலவைப் பற்றியதன்று. பாரடைஸ் அருகிலுள்ள செனாய் டிரேட் சென்டரிலும் கோட்டியின் குஜராத்தி கல்லியிலும் உதிரிபாகங்கள் தேடி அலையும் மாணவர்களுக்கு, செலவைச் சமாளிக்கும் வழி துறைத்தலைவர்களைவிட நன்றாகத் தெரியும். வலுவான மறுப்பு வேறு: இத்தகைய அறிவு கைப்பழக்கம், அதைப் பாடமாக்கினால் அது செத்துவிடும் என்பது. மைக்கேல் போலானி ‘சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருத்தல்’ என்ற கருத்தை வளர்த்தெடுத்தது முதல், ஆய்வுலகில் இம்மறுப்புக்கு மதிப்பு உண்டு. அதில் உண்மையும் உண்டு. தன்னை நோக்கி வரும் வண்டிக்கு இடவலம் மாறிவிடுகிறது என்பதைச் சொற்களால் கற்பிக்க ஒரு நிமிடம் போதும். விரல் அதைக் கற்க வாரங்கள் ஆகும். ஆனால் மேலே கண்ட 7.2 பாகை கைப்பழக்கம் அன்று, அது கணக்கு. இரு திசை ஓட்டமும் கைப்பழக்கம் அன்று, அது தருக்கம். எல்லாவற்றையும் ‘அனுபவம்’ என்ற மூட்டைக்குள் கட்டிவைப்பது, பணிமனையில் நாற்பது ஆண்டு கழித்தவரின் அறிவுக்குச் செய்யும் மரியாதை போலத் தோன்றினாலும், அதை எழுதத் தகுதியற்றதாக ஒதுக்கும் பழைய சாதிப் பார்வையின் தொடர்ச்சியே. கை வேலை செய்தவர் சிந்திக்கவில்லை என்று அந்தப் பார்வை கருதுகிறது. தாத்தா சிந்தித்தார், அவரிடம் யாரும் எழுதித்தரக் கேட்கவில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். இக்கருவிகளின் கையேடுகள் தமிழிலோ தெலுங்கிலோ வருவதில்லை. வரும் ஆங்கிலமும் பெரும்பாலும் சீனத்திலிருந்தோ ஜப்பானியத்திலிருந்தோ தட்டுத்தடுமாறிப் பெயர்ந்தது. டிரிம்முக்கும் எக்ஸ்போவுக்கும் கலைச்சொல் உருவாக்குவதே முதற்பணி என்று சிலர் கருதலாம். அவசரமில்லை. கிளட்ச், பேரிங், ஃபிட்டர் ஆகிய சொற்கள் தமிழ்நாட்டுப் பட்டறைகளிலும் லாலாகுடாவிலும் தமிழாகவே வழங்கிவருகின்றன. அவற்றால் யாருடைய சிந்தனையும் தடைப்படவில்லை. தடைப்படுவது விளக்கம் இல்லாததால். சப்-டிரிம் என்ற சொல்லை வைத்துக்கொண்டே, அது எதற்கு, எவ்வளவு, எப்போது கூடாது என்பதை நல்ல தமிழில் நான்கு பக்கம் எழுதினால் போதும். பெயர் வைப்பதோடு முடிந்துபோன கலைச்சொல் பட்டியல்கள் நூலகங்களில் ஏற்கெனவே நிறைய உள்ளன.

இவை அனைத்தும் நேர்கோட்டைப் பற்றிய பேச்சு. உயிரைப் பற்றிய பேச்சு ஃபெயில்சேஃபில் இருக்கிறது. இரண்டு கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது இன்று அரிதன்று. அதன் இயக்க ஆற்றல், அதே எடை ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழும்போது பெறும் ஆற்றலுக்குச் சமம். குழந்தைகள் விளையாடும் தெருவில் சிக்னல் அறுந்தால் அந்த வண்டி என்ன செய்யும்? கடைசியாகக் கிடைத்த ஆணையைப் பிடித்துக்கொண்டு ஓடலாம். அல்லது த்ராட்டில் நடுநிலைக்கு வந்து நிற்கலாம். எது நிகழும் என்பதை ஃபெயில்சேஃப் தீர்மானிக்கிறது. பல ரிசீவர்களில், டிரான்ஸ்மிட்டரோடு முதன்முதலில் பைண்டிங் செய்யும் நேரத்தில் த்ராட்டில் எங்கே இருந்ததோ அதுவே ஃபெயில்சேஃப் நிலையாகப் பதிவாகிறது. பின்னர் த்ராட்டில் திசையை ரிவர்ஸ் அமைப்பில் மாற்றியவர், ஃபெயில்சேஃபை மீண்டும் அமைக்க மறந்தால், காப்பு அமைப்பே விபத்தின் காரணமாகக்கூடும்.

அலைவரிசையின் நிலையும் மாறிவிட்டது. முன்பு 27 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் கிரிஸ்டலைக் கையால் மாற்ற வேண்டும். இருவர் ஒரே கிரிஸ்டலை வைத்திருந்தால் ஒருவர் ஆணைக்கு மற்றவர் வண்டி ஓடும். அதனால் ஓட்டுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் பழக்கம் இருந்தது. இன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். குறைந்த ஆற்றல் கருவிகள் உரிமமின்றி அதைப் பயன்படுத்த இந்தியாவில் 2005ஆம் ஆண்டு விதிகள் வழிவிட்டன. கருவி தானாகவே அலைவரிசை தாவுகிறது. அந்தத் தாவலின் மூதாதை, நடிகை ஹெடி லாமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942இல் பெற்ற, 88 அலைவரிசைகளைக் கொண்ட டார்பிடோக் காப்புரிமை என்பது சுவையான செய்தி. ஆனால் அடுக்குமாடிக்கு அடுக்குமாடி வைஃபை நிரம்பிய மல்காஜ்கிரியில் அதே அலைவரிசையை நூறு கருவிகள் பகிர்கின்றன. பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் பழக்கம் மட்டும் போய்விட்டது. கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாததாகும்போது சோதனை கூடியிருக்க வேண்டும், குறைந்திருக்கிறது. சோதனை எளிது. வண்டியைப் பெட்டியின்மேல் தூக்கிவைத்து, சக்கரங்கள் மெல்லச் சுழலும்போது டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேண்டும். சக்கரம் நின்றால் தெருவில் இறக்கலாம். இந்த ஒரு சோதனைக்காக மட்டும் டிரான்ஸ்மிட்டரை முதலில் அணைக்கலாம்; மற்ற நேரமெல்லாம் முதலில் வண்டி, பிறகே டிரான்ஸ்மிட்டர்.

2023 ஆகஸ்ட் 27 அன்று நிலவில் 26 கிலோ எடையுள்ள பிரக்யான் உலாவி, தனக்கு 3 மீட்டர் முன்னே 4 மீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்றை எதிர்கொண்டது. வந்த வழியே திரும்புமாறு பூமியிலிருந்து ஆணை சென்றது. அந்த ஆணை நிலவை அடையவே 1.3 நொடி ஆகும். விளைவைக் காண மேலும் 1.3 நொடி. கண்ணால் பார்த்துக்கொண்டே குமிழைத் திருகிச் சரிசெய்யும் வசதி அங்கே இல்லை. வண்டியின் ஒவ்வொரு விலகலும் புறப்படும் முன்பே அளந்து எழுதப்பட்டிருந்தாக வேண்டும். ஆழ்விண்வெளியோடு பேசும் ஆண்டெனாவைக் கட்டிய ஊர்ப்புறத்திலேயே, ஆய்வுக்கூடத்தின் மாதிரிக் காருக்கு ஒரு குறிப்பேடு இல்லாமலிருப்பது பொருந்தவில்லை.

அந்தக் குறிப்பேடு வண்டியோடே இருக்க வேண்டும். மாணவரோடு வீட்டுக்குப் போகக் கூடாது. முதல் பக்கத்தில் டிரான்ஸ்மிட்டரின் நிறுவனம், சர்வோவின் பற்கள், நடுநிலைத் துடிப்பின் நீளம், எக்ஸ்போவின் குறிமரபு. அடுத்த பக்கங்களில் நாள், தரை, டயர், இரு திசை ஓட்டத்தின் விலகல், மாற்றிய எண், மாற்றுவதற்கு முன்னிருந்த எண், மாற்றிய காரணம். காரணம் தெரியாமல் மாற்றியிருந்தால், ‘காரணம் தெரியவில்லை’ என்றே எழுத வேண்டும்; அதற்கும் மதிப்பெண் உண்டு. அடுத்த ஆண்டு வரும் மாணவர் முதலில் படிக்க வேண்டியது அந்த வரிகளைத்தான்.